கடைசியாக வந்ததே சரி

தென்காசி பேருந்து நிலையத்துக்கு எதிரே ரவி அண்ணாச்சி நடத்தும் டிடிபி கடையில் நான் டைப் அடிக்கிறேன். ஆராய்ச்சி மாணவர்கள் அதிகம் வருகிற கடை. வருகிறவர்களின் முகம் எனக்கு அவ்வளவாக மனதில் நிற்காது. யாருடைய தீசிஸில் எவ்வளவு ஓரம் விட்டோம், எந்த எழுத்தளவு போட்டோம் என்பதுதான் நிற்கும். பொன்செல்வியின் முகம் நிற்கிறது.

அவளுக்குச் சுரண்டைக்குப் பக்கத்தில் ஓர் ஊர். அப்பா ஏசுதாசன் அவள் பள்ளியில் படிக்கும்போதே போய்விட்டார். அம்மா உலகம்மை பீடி சுற்றி அவளை எம்.ஏ. வரை கொண்டுவந்தாள். ஒரு தனியார் கல்லூரியில் கெஸ்ட் லெக்சரராக வேலை பார்த்துக்கொண்டே அங்கேயே பிஎச்.டி.க்குப் பதிவு செய்திருந்தாள். பீடி சுற்றும் பெண்களுக்கு என்னென்ன நோய் வருகிறது, வந்தும் அவர்கள் ஏன் டாக்டரிடம் போவதில்லை என்பது அவள் தலைப்பு. அம்மாவின் இருமலைக் கேட்டு வளர்ந்தவள், அதனால் எடுத்திருப்பாள் என்று நான் நினைத்திருந்தேன். ஒருநாள் கேட்டேவிட்டேன்.

"நான் எங்க எடுத்தேன் வள்ளி? எங்கம்மா பீடி சுத்துதான்னு தெரிஞ்சதும் மேடமே சொல்லிட்டாவ. உனக்கு ஃபீல்டு வீட்டுலயே கெடக்கு, வேற எங்கன போவப் போறேன்னு."

மேடம் என்றால் ரெங்கம்மாள் மேடம், அவளுடைய கைடு. கல்லூரியில் துறைத்தலைவர். வேலை ஆக வேண்டுமென்றால் "ஏட்டி பொன்செல்வி" என்பார். ஆகிவிட்டால் "சரிம்மா" என்பார். இரண்டுக்கும் நடுவே அவர் குரல் மாறுவதை நான் பலமுறை கேட்டிருக்கிறேன்.

நான் எட்டாம் வகுப்போடு நின்றவள். பொன்செல்வி திரையில் என்ன செய்கிறாள் என்பது பக்கத்து மெஷினில் உட்கார்ந்து பார்த்துப் பார்த்துத்தான் எனக்குப் பிடிபட்டது. இணையத்தில் ஆராய்ச்சிக் கட்டுரைகளைப் பார்க்கும்போது, பிறகு படிப்பதற்காக எல்லாவற்றையும் ஒரே இடத்தில் குறித்து வைக்க ஒரு தளம் இருக்கிறது. ஒரு பொத்தானை அழுத்தினால் தலைப்பு, எழுதியவர், இதழின் பெயர், ஆண்டு எல்லாம் அதில் போய் உட்கார்ந்துகொள்ளும். பக்கத்திலேயே நம்முடைய நோட்ஸை எழுதலாம். யார் சேர்த்தது என்று தெரிய டேக் ஒன்று போடலாம். கணக்கு தொடங்கப் பணம் எதுவும் கிடையாது. ஆனாலும் மேடத்திடம் இருந்த ஸ்காலர்கள் எல்லாருக்கும் ஒரே லாகின்தான். அதுவும் மேடத்தின் பெயரில்.

"ஆளாளுக்கு ஒரு கணக்கு வச்சிக்கிட்டா, யார் படிக்கா, யார் படிக்கலன்னு நான் எங்கன போய்ப் பாக்கட்டும்?" என்பார் மேடம். பாஸ்வேர்டு எங்கள் கடைச் சுவரில்கூட ஒட்டியிருந்தது. ஸ்காலர்கள் அடிக்கடி மறந்துவிடுவார்கள் என்று மேடமே எழுதி ஒட்டச் சொன்னது.

எல்லாரும் ஒரே கணக்கில் சேர்த்தால் ஒரே கட்டுரை திரும்பத் திரும்ப ஏறும். இதழின் பக்கத்திலிருந்து ஒருவர் சேர்த்திருப்பார், தேடும் பக்கத்திலிருந்து இன்னொருவர் சேர்த்திருப்பார். ஒன்றில் பக்க எண் இருக்காது. இன்னொன்றில் ஆண்டு ஒன்று தள்ளி இருக்கும். இந்த டூப்ளிகேட்டுகளைக் களைகிற வேலையை மேடம் பொன்செல்வியிடம் கொடுத்திருந்தார். கூலி இல்லாத வேலை. கல்லூரி விட்டு, சுரண்டை பஸ் ஏறுவதற்கு முன் கடைக்கு வந்து உட்காருவாள்.

அவள் அதைச் செய்கிற விதம் அரிசியில் கல் பொறுக்குவது மாதிரி இருக்கும். ஒரே தலைப்பில் இரண்டு இருந்தால் உடனே சேர்த்துவிட மாட்டாள். இரண்டையும் திறப்பாள். சில சமயம் ஒரே ஆள் ஒரே தலைப்பில் கருத்தரங்கில் ஒன்று வாசித்திருப்பார், இதழில் வேறொன்று எழுதியிருப்பார். அவற்றைத் தொடமாட்டாள். உண்மையிலேயே ஒன்றுதான் என்றால் நோட்ஸ் உள்ளதை வைத்துக்கொண்டு, மற்றதில் இருக்கிற டேக்கை இதில் எழுதிவிட்டு, பிறகுதான் மெர்ஜ் கொடுப்பாள். அந்தத் தளத்தில் எதை வைக்கச் சொல்கிறோமோ அதுதான் நிற்கும். மற்றது நோட்ஸோடு போய்விடும்.

"இவ்வளவு மெதுவா செஞ்சா விடிஞ்சிரும் டீச்சர்" என்று ரவி அண்ணாச்சி கேலி செய்வார்.

"விடியட்டும் அண்ணாச்சி. கரண்ட் பில்லு ஒங்களுக்குத்தான வருது."

அவளுடைய நோட்ஸ் வெறும் படிப்பு நோட்ஸ் அல்ல. புகையிலைத் தூளால் பெண்களுக்கு முதலில் மூச்சுத்தான் கெடுகிறது என்று ஒரு கட்டுரை சொன்னால், அதற்குக் கீழே தன் ஊர்ப் பெண்கள் சொன்னதை எழுதி வைப்பாள். மூச்சு பிறகு, முதலில் கண் எரிச்சல், அதற்கும் முன்னால் முதுகு வலி என்று ஒருத்தி சொல்லியிருப்பாள். இருமலோடு ஆஸ்பத்திரிக்குப் போனால் கையில் பீடி வாசம் அடிக்கிறது என்று நர்ஸ் முகத்தைச் சுளித்ததால் அப்புறம் போகவே இல்லை என்று இன்னொருத்தி. கட்டுரைக்குக் கட்டுரை, அதன் அடியில் ஊர்ப் பெண்களின் பேச்சு. அவளுடைய இரண்டாவது இயல் முழுக்க அதிலிருந்துதான் எழுதப்பட வேண்டும்.

காகிதத்தில் எதுவும் வைத்துக்கொள்ளவில்லை. அந்தப் பெண்களுக்கு இலையும் தூளும் கொடுக்கிற காண்டிராக்டருக்கு இந்தப் பேச்சு தெரிந்தால் அடுத்த வாரம் இலை கிடைக்காது. அதனால் கேட்டு எழுதிய தாளைக் கடைக்குக் கொண்டுவந்து ஏற்றிய கையோடு கிழித்துப்போடுவாள். பெரிய துண்டாக ஏதாவது விழுந்துவிட்டால் குனிந்து எடுத்து இன்னும் கிழிப்பாள். ஆன்லைனில் இருந்தால் பத்திரம் என்று அவள் நம்பினாள். அப்படித்தான் எல்லாரும் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

பிறகு நம்பிராஜன் வந்து சேர்ந்தான். செங்கோட்டைப் பக்கம். வயல், தோப்பு உள்ள குடும்பம், அப்பா போலீஸில் இன்ஸ்பெக்டர். கெட்ட பையன் என்று சொல்ல மாட்டேன். கடைக்கு வந்தால் எனக்கும் சேர்த்து டீ சொல்லுவான். மேடம் அவனுக்குப் பீடித் தொழிலாளர் குடும்பங்களின் குழந்தைகள் பற்றித் தலைப்புக் கொடுத்தார்.

"மொதல்ல பொன்செல்வி சேத்து வச்சிருக்கத எல்லாம் நீயும் ஒரு காப்பி எடுத்து வச்சுக்கோ. அங்கருந்து ஆரம்பி" என்று சொல்லியிருக்கிறார்.

அவன் சொன்னபடியே செய்தான். அவளுடைய பட்டியல் முழுவதையும் ஒரே ஃபைலாக இறக்கி, தன் டேக்கைப் போட்டு, திரும்பவும் ஏற்றினான். அவனுக்கென்று தனிக் கணக்கு கிடையாது. எல்லாருக்கும் இருந்த அதே லாகினில்தான் ஏற்றினான். அப்படி இறக்கும்போது நோட்ஸும் பழைய டேக்கும் அதோடு சேர்ந்து வராது. ஒரே நாளில் அவள் சேர்த்திருந்த அத்தனை கட்டுரைகளும் இரண்டிரண்டாக நின்றன. பழையதில் பொன்செல்வியின் டேக்கும் நோட்ஸும் இருந்தன. புதியதில் நம்பிராஜனின் டேக் மட்டும்.

பொன்செல்வி பார்த்துவிட்டுத் தலையில் கைவைத்தாள்.

"ஏலே நம்பி, என்னலே பண்ணி வச்சிருக்க?"

"மேடம்தான் காப்பி எடுத்துக்கச் சொன்னாங்கக்கா."

"அதுக்கு ஊரையேவா தூக்கிட்டு வருவ? சரி போ. நானே பொறுக்குதேன்."

பொறுக்க ஆரம்பித்தாள். மேலிருந்து கொஞ்சம் முடித்திருப்பாள். அதற்குள் சீசன் வந்துவிட்டது.

குற்றாலத்தில் சாரல் விழ ஆரம்பித்தால் எங்கள் பக்கத்துக் கல்லூரிகளில் கமிட்டிக் கூட்டங்களும் கூடிவரும். வெளியூர் நிபுணர்கள் மற்ற மாதங்களில் தேதி கொடுக்கமாட்டார்கள், அருவியில் தண்ணீர் விழுகிற மாதத்தில் உடனே கொடுப்பார்கள். குடும்பத்தோடு வருவார்கள். லாட்ஜ் பிடிப்பது, எண்ணெய் வாங்குவது, அருவிக்குக் கூட்டிப் போவது எல்லாம் ஸ்காலர்கள் தலையில். அந்த வருடக் கூட்டம் பொன்செல்விக்கு முக்கியமானது. அவளுடைய பதிவுக்காலம் முடியப்போகிறது. நீட்டிப்பும் ஏற்கெனவே வாங்கியாகிவிட்டது. கமிட்டி அவளுடைய படிப்பைப் பார்த்துச் சரி என்று கையெழுத்துப் போட்டால்தான் சினாப்சிஸ் என்கிற ஆய்வுச் சுருக்கத்தைக் கொடுத்து, அந்த வருடம் முடிவதற்குள் தீசிஸ் கொடுக்க முடியும். இல்லாவிட்டால் பதிவு ரத்து.

கூட்டத்துக்கு முந்தின நாள் நிபுணர் மனைவியோடும் மகளோடும் வந்து இறங்கிவிட்டார். மேடம் பொன்செல்வியை அவர்களோடு அருவிக்கு அனுப்பினார். பெண்கள் பக்கத்தில் ஆண்கள் போக முடியாது அல்லவா. அவர்கள் குளிக்கிற வரைக்கும் மாற்றுத் துணியும் கைப்பையும் கழற்றிய நகையும் வைத்துக்கொண்டு நிற்க ஒரு பெண் வேண்டும். முதலில் மெயின் ஃபால்ஸ், பிறகு ஐந்தருவி, சாப்பிட்டுவிட்டு மறுபடியும் மெயின் ஃபால்ஸ். அவளுடைய போன் பாலித்தீன் கவருக்குள் சுற்றிப் பையின் அடியில் கிடந்தது. அந்த இரைச்சலில் கேட்டிருக்கவும் கேட்டிருக்காது.

அந்த நேரத்தில்தான் மேடம் கல்லூரியில் கணக்கைத் திறந்து பார்த்திருக்கிறார். எல்லாம் இரண்டிரண்டாக நிற்கிறது. பொன்செல்விக்குப் போன் போட்டு ஓய்ந்துபோய்க் கடைக்கு அடித்தார். ரவி அண்ணாச்சி ஸ்பீக்கரில் போட்டுக்கொண்டு பேசினார்.

"ரவி, நாளைக்கு இத ஸ்கிரீன்ல போட்டுக் காட்டணும். எல்லாம் டபுள் டபுளா இருக்கு, மானம் போயிரும். பொன்செல்வி எங்க போய்த் தொலைஞ்சாளோ, போனே எடுக்கல."

"நீங்கதான மேடம் அருவிக்கு அனுப்பினிய?"

"அதுக்கு இவ்வளவு நேரமா? சரி, பாஸ்வேர்டு உங்ககிட்ட இருக்குல்லா. கொஞ்சம் கிளீன் பண்ணி விட்டுருங்க."

"இதெல்லாம் ஒரு வேலையா மேடம்? இந்தா முடிச்சிருதேன்."

எங்கள் கடைக்கு ஒரு வழக்கம் உண்டு. ஸ்காலர்கள் ஒரே இயலைப் பலமுறை அனுப்புவார்கள். பைனல், பைனல் புதுசு, லாஸ்ட் பைனல் என்று பெயர் போட்டு வரும். முன்பொருமுறை பழைய ஃபைலை எடுத்து பைண்டிங் வரைக்கும் போய்விட்டு, ரவி அண்ணாச்சி தெருவில் நின்று பேச்சு வாங்கியிருக்கிறார். அன்றிலிருந்து ஒரே விதி. ஒரே பெயரில் எத்தனை வந்தாலும் கடைசியாக வந்ததே சரி, பழையதை உடனே அழித்துவிடு. எனக்கும் முதல்நாளே சொல்லித்தந்தது அதுதான். திருத்தின ஆள் திருத்தியதைத்தானே கடைசியில் அனுப்புவான்?

அண்ணாச்சி கணக்கைத் திறந்தார். டூப்ளிகேட்டுகளைத் தேடு என்று கொடுத்தார். எல்லாம் வந்து நின்றது. எதை வைக்க என்று தளம் கேட்டது. கடைசியாகச் சேர்த்ததை வை என்று அமுக்கினார். மெர்ஜ். கொஞ்ச நேரம் ஒரு வட்டம் சுற்றியது, பிறகு பட்டியல் பாதியாகக் குறைந்து சுத்தமாக நின்றது.

"பாத்தியா வள்ளி? இதுக்குத்தான் அந்த டீச்சரு மாசக்கணக்குல மல்லுக்கட்டுனா."

மேடத்துக்குப் போன் போட்டுச் சொன்னார். மேடம் ரொம்ப தேங்க்ஸ் ரவி என்றார்.

பொழுது சாய்கிற நேரத்தில் பொன்செல்வி வந்தாள். சாரலில் நனைந்த சேலையோடு, மிச்சத்தைப் பொறுக்கி முடித்துவிட்டுப் போகலாம் என்று வந்திருந்தாள். திறந்தாள். மேலும் கீழும் உருட்டினாள். ஒன்றைத் திறந்தாள், மூடினாள், இன்னொன்றைத் திறந்தாள். நோட்ஸ் இருக்க வேண்டிய இடம் ஒவ்வொன்றிலும் வெள்ளையாக இருந்தது. எல்லாவற்றிலும் நம்பிராஜனின் டேக். அவள் ஏற்கெனவே பொறுக்கி முடித்த அந்தக் கொஞ்சம் மட்டும் தப்பித்திருந்தது.

"அண்ணாச்சி, இதுல யார் கை வச்சா?"

"நாந்தான். மேடம் சொன்னாவ. எல்லாம் கிளீனாக்கிட்டேம்லா."

"எத வச்சிய?"

"என்ன கேள்வி இது. கடைசியா வந்ததத்தான்."

நோட்ஸ் இருந்த இடம் என்று திரையில் வெள்ளையாக நின்றதை அவருக்குக் காட்டினாள். நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அண்ணாச்சிக்கு மெதுவாகத்தான் விளங்கியது. விளங்கியதும் குரல் உயர்ந்துவிட்டது.

"நான் நல்லதுக்குத்தான செஞ்சேன்? உள்ள எழுதி வச்சிருக்கன்னு எனக்கென்ன சோசியமா தெரியும்? முக்கியமானதுன்னா பிரிண்ட் எடுத்து வைக்க மாட்டியா? கடை உள்ளதே பிரிண்ட் எடுக்கத்தான?"

அவள் மேடத்தைக் கூப்பிட்டாள். "பேக்கப் வச்சிருக்கணும்மா" என்று மேடம் சொல்வது எனக்கே கேட்டது. "நாளைக்கு வாயால சொல்லிச் சமாளி. உனக்குத் தெரியாததா?"

மறுநாள் கமிட்டிக்கான ஸ்பைரல் பிரதிகளைக் கொடுக்க அண்ணாச்சி என்னை அனுப்பினார். அறைக்குள் கூட்டம் நடந்துகொண்டிருந்தது. வெளியே பெஞ்சில் உட்காரச் சொன்னார்கள். கதவு திறந்துதான் இருந்தது. திரையில் பட்டியல் ஓடியது.

"பொன்செல்வின்னு ஒரு டேக்தான் அங்கங்க வருது. மத்ததெல்லாம் நம்பிராஜன் சேத்ததா இருக்கே" என்றார் நிபுணர்.

"எல்லாம் நான் சேத்தது சார். நான் படிச்சது."

"நோட்ஸ்?"

"இருந்துச்சு சார்."

பிறகு அவள் சொல்ல ஆரம்பித்தாள். எந்தக் கட்டுரை என்ன சொல்கிறது, தன் ஊர்ப் பெண்கள் அதை எங்கே மறுக்கிறார்கள் என்று நிற்காமல் சொன்னாள். நிபுணர் கேட்டுக்கொண்டுதான் இருந்தார்.

"நல்லா சொல்லுறீங்கம்மா. ஆனா கமிட்டிக்கு ரெக்கார்டு வேணுமில்லையா? இந்தப் பெண்கள் சொன்னதுக்கு ஆதாரம் எங்கே?"

அவள் மேடத்தைப் பார்த்தாள். நானும் பார்த்தேன். மேடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொன்னால், எல்லாரும் தன் ஒரே லாகினில்தான் வேலை செய்கிறார்கள், அதைச் சுத்தம் செய்தது ஒரு டிடிபி கடைக்காரர் என்பதையும் வெளியூர்க்காரர் முன்னால் சொல்ல வேண்டியிருக்கும். மேடம் பேனா மூடியைத் திருகிக்கொண்டே, "கொஞ்சம் கவனக்குறைவு சார்" என்றார்.

நம்பிராஜன் மேசையின் கடைசியில் உட்கார்ந்து போனைப் பார்த்துக்கொண்டிருந்தான். நோட்ஸ் போதாது, பெண்களிடம் மறுபடியும் கேட்டுவிட்டு அடுத்த கூட்டத்துக்கு வரட்டும் என்று எழுதினார்கள். அடுத்த கூட்டம் அடுத்த சீசனில். அதற்குள் அவள் பதிவு முடிந்துவிடும் என்பது அந்த அறையில் இருந்த எல்லாருக்கும் தெரியும். நம்பிராஜனுக்கு, இவ்வளவு சீக்கிரம் இவ்வளவு சேகரித்ததற்குப் பாராட்டு எழுதினார்கள். அவன் வேண்டாம் என்று சொல்லவில்லை. வெளியே வந்தபின் அவளிடம், "என்கிட்ட முன்னாடியே சொல்லியிருந்தா நான் டேக்கை எடுத்திருப்பேனேக்கா" என்றான்.

"நீ ஏத்துனதுதான இருக்கு. இருந்துட்டுப் போட்டும்" என்றாள் பொன்செல்வி.

தளத்துக்கு எழுதிக் கேட்டாள். மெர்ஜ் ஆனதைத் திரும்பப் பெற வழியில்லை என்று பதில் வந்தது. வருடம் முடிவதற்குள் மறுபடியும் கேட்டுச் சேர்த்துவிடலாம் என்று ஊரில் வீடு வீடாகப் போனாள். அவளுடைய அம்மா மட்டும் பதில் சொன்னாள். மற்றவர்கள் முகம் கொடுக்கவில்லை. முன்பு சொன்னதைக் கிழித்துப்போட்டேன் என்றாயே, இப்போது மறுபடியும் ஏன் கேட்கிறாய், யாரிடமாவது கொடுத்துவிட்டாயா என்று சந்தேகப்பட்டார்கள். ஒருத்தி நேராகவே சொல்லிவிட்டாளாம்: "நீ படிச்சு முடிச்சிட்டுப் போயிருவ. இலை எனக்குத்தான வரணும்."

பதிவு ரத்தானது. பிஎச்.டி. இல்லாதவர்களைக் கல்லூரியும் அடுத்த வருடம் எடுக்கவில்லை. சுரண்டையில் ஒரு பள்ளிக்கூடத்தில் சேர்ந்தாள். தலைப்பு சும்மா கிடக்கக்கூடாது என்று மேடம் நம்பிராஜனின் தலைப்பை விரித்து, குழந்தைகளோடு பெண்களையும் சேர்த்துக்கொடுத்தார். சேர்த்துவைத்த கட்டுரைகளில் பாதியாவது என் உழைப்பு என்று ஒரு வரி எழுதித் தாருங்கள் என்று பொன்செல்வி போய்க் கேட்டிருக்கிறாள்.

"கணக்கு என் பேர்லதானம்மா இருக்கு. அப்படிப் பாத்தா எல்லாம் என்னோடதுதான். நான் ஏதாச்சும் கேட்டனா?" என்றாராம் மேடம்.

போன மாதம் பொன்செல்வி பள்ளிக்கூடக் கேள்வித்தாள் அடிக்கக் கடைக்கு வந்திருந்தாள். எங்கள் கடைக்கு ஏன் வருகிறாய், சுரண்டையில் கடை இல்லையா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. அவள் வாசிக்க, நான் அடித்துக்கொண்டிருந்தேன். நான்காவது கேள்வி போய்க்கொண்டிருந்தது. வாசலில் கார் வந்து நின்றது. மேடமும் நம்பிராஜனும் இறங்கினார்கள். அவனுடைய தீசிஸ் பைண்டிங்குக்கு வந்திருந்தது.

"ஏட்டி பொன்செல்வி! எப்படி இருக்க? ஆளே மெலிஞ்சிட்ட."

"இருக்கேன் மேடம்."

"நல்ல நேரத்துல இருக்க. இவன் ரெஃபரன்ஸ்ல ஒன்னே ரெண்டு தடவ வருதாம், வாசிச்சவரு கோடு போட்டு அனுப்பிருக்காரு. கொஞ்சம் உக்காந்து பாத்துக் குடுத்துட்டுப் போயேன். உன்ன மாதிரி யாருக்கு இது வரும்?"

நம்பிராஜன் தாள்களை அவள் பக்கம் நீட்டினான். பசைடப்பாவைக் கிளறிக்கொண்டிருந்த ரவி அண்ணாச்சி நிறுத்தினார். பொன்செல்வி அந்தத் தாள்களை வாங்கவில்லை. தோளில் பையை எடுத்து மாட்டினாள்.

"எனக்கு பஸ்ஸுக்கு நேரமாச்சு மேடம்."

"சுரண்டைக்கு பஸ்ஸா இல்ல? அடுத்ததுல போலாமே."

"இல்ல மேடம். போணும்."

ரோட்டைத் தாண்டிப் போனாள். எங்கள் கண்ணாடிக் கதவு வழியாகப் பேருந்து நிலையம் நன்றாகத் தெரியும். சுரண்டை வண்டி ஒன்று வந்து ஆளேற்றிப் போனது. அவள் ஏறவில்லை. இன்னொன்று வந்தது. அதிலும் ஏறவில்லை. கடைப்பக்கம் முகத்தைத் திருப்பாமல், தூணுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டே இருந்தாள்.

"இந்தப் பிள்ளைக்கு எவ்வளவு செஞ்சிருக்கேன்" என்று மேடம் அண்ணாச்சியிடம் சொன்னார். அண்ணாச்சி பசைடப்பாவை மூடி வைத்தார். நாளைக்கு வாங்க மேடம், பாத்து வைக்கேன் என்றார்.

கார் கிளம்பி மேம்பாலத்துப் பக்கம் திரும்பிய பிறகு பொன்செல்வி ரோட்டைத் தாண்டித் திரும்பி வந்தாள். பையை இறக்கி வைத்துவிட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"எதுல விட்டோம்?"

"நாலுல அக்கா."

"போடு" என்று வாசிக்க ஆரம்பித்தாள்.